உழுத வயலில் ஒரு வேலி

நம்புகிறவர்கள் நம்பட்டும், மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஆனால் இது நடந்தது. நடந்த தேதி இருக்கிறது, மணி இருக்கிறது, அவள் கையில் தழும்பு இருக்கிறது. இதைச் சொன்னவளுக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால் ஒரு வருஷத்துக்கு முன்பே முனைவர் பட்டத்தை வாங்கிக்கொண்டு, ஏதாவது ஒரு கல்லூரியில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள்.

அந்த வட்டாரத்தில் அவளுக்கு நரியம்மா என்று பெயர். கேலிக்கு வைத்ததுதான். போகப்போக அதுவே நிலைத்துவிட்டது. அவள் கணவன்கூடக் கைபேசியில் அந்தப் பெயரைத்தான் பதிந்து வைத்திருந்தான்.

அவள் வேலை இதுதான். கண்ணுக்கு எட்டிய தூரம் வயல். வயலுக்கு நடுவே, பழைய சட்டையில் ஒட்டுப்போட்ட மாதிரி, அங்கொரு துண்டு இங்கொரு துண்டு புதர்க்காடு. பெரிய காடு எதுவும் மிச்சமில்லாத அந்த மண்ணில் நரியும் காட்டுப்பூனையும் பகலில் எங்கே படுக்கின்றன, இருட்டியதும் எந்த வழியாக ஒரு துண்டிலிருந்து இன்னொரு துண்டுக்குப் போகின்றன என்று கண்டுபிடிக்க வேண்டும். அதற்காக நான்கு நரிகளைப் பிடித்து, கழுத்தில் பட்டை மாட்டி விட்டிருந்தாள். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. பட்டையின் நிறமே நரிக்குப் பெயர். ஒவ்வொன்றும் வேறு வேறு குடும்பம். ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று கால் வைக்காது. பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை, இரவும் பகலும், அந்தப் பட்டைகள் நரி நிற்கும் இடத்தை அவள் கணினிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும்.

நரி வெட்டவெளியை வெறுக்கும். ஓரம் தேடும். வாய்க்கால் கரை, வண்டிப்பாதை ஓரம், சோளக்கொல்லையின் விளிம்பு என்று ஒண்டி ஒண்டித்தான் போகும். நான்கு நரிகளும் அப்படித்தான் போயின.

ஒரே ஓர் இடத்தைத் தவிர.

மேற்குப் புதருக்கும் கிழக்குப் புதருக்கும் நடுவே ஒரு பெரிய உழுத வயல். மரம் இல்லை, வரப்பு இல்லை. ஒரு முட்டையை வைத்தால் அரை மைலுக்குத் தெரியும். அந்த வயலை மட்டும், எல்லை பாராமல், நான்கு நரிகளும் கடந்தன. நேராக அல்ல. கிழக்கே முந்நூற்றுப் பத்து மீட்டர். பிறகு சட்டென்று வலப்பக்கம் திரும்பி எழுபது மீட்டர். மறுபடி கிழக்கே இருநூறு. அளவுகோல் வைத்துக் கோடு போட்டது மாதிரி. எட்டு மாதமாக, வேறு வேறு நாளில், ஒன்றை ஒன்று பார்க்காமல், நான்கும் அதே கோட்டில்.

அவளுக்கு அது கிடைத்தற்கரிய புதையல். பேராசிரியருக்கு அது தலைவலி.

"கருவிக் கோளாறும்மா. வெட்டவெளியில நரி எதுக்கு வளைஞ்சு போகும்? அந்தப் புள்ளிகளை எடுத்துடு."

"நாலு பட்டையும் ஒரே மாதிரியா சார் கோளாறு பண்ணும்?"

"அதான் சொல்றேன், கோளாறு."

"எடுத்துட்டா கிழக்குப் புதருக்கு நரி போகுதுன்னு சொல்ல ஆதாரமே இல்ல சார். அதை வெட்டிட்டுக் கிடங்கு கட்டப் போறாங்க. மாசக் கடைசிக்குள்ள நம்ம அறிக்கை போகணும்."

"அப்ப ஒரு படம் கொண்டு வா. நரி அந்தக் கோட்டுல நடக்குற மாதிரி ஒரே ஒரு படம். கையெழுத்துப் போடுறேன்."

மாசக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

திங்கட்கிழமை மாலை, அவளும் ஜீப் ஓட்டும் அண்ணனுமாகக் கோட்டின் மேல் நான்கு இரும்புக் கம்பிகளை நட்டு, நான்கு தானியங்கிக் கேமராக்களைக் கட்டினார்கள். எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும். ஓட்டுநர் அண்ணனுக்கு ஐம்பது வயது. மூன்று வருஷமாக அவளோடு சுற்றுகிறார். ஒரு பழுதைச் சரிசெய்தால் இன்னொரு பழுதைக் காட்டும் அந்த ஜீப்போடு பழகியே அவருக்குப் பொறுமை வந்திருந்தது.

செவ்வாய் காலை போய்ப் பார்த்தாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு படங்கள். அத்தனையிலும் வெறும் மண்.

உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். நரி இல்லை. எலிகூட இல்லை. ஆனால் எல்லாப் படத்திலும் வலது மூலையில் மங்கலாக ஓர் இலை. லென்ஸில் ஏதோ ஒட்டியிருக்கிறது என்று துடைத்தாள். துடைத்த துணியில் ஒன்றும் இல்லை. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தாள். மிக அருகில் இருந்த பச்சை இலை இருநூறு மீட்டருக்கு அந்தப் பக்கம்.

புதன் காலை வேறு கூத்து. நான்கு கேமராக்களும் திரும்பியிருந்தன. வயலைப் பார்த்துக் கட்டியவை கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தன. முடிச்சு அவிழவில்லை. அவள் போட்ட அதே முடிச்சு. படம் ஒன்றுகூட இல்லை.

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது. வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்த டிராக்டர்காரரிடம் நேரே போய் நின்றாள்.

"என் கேமராவை ஏன் திருப்பினீங்க?"

"எனக்கு வேற சோலியே இல்லையா நரியம்மா?"

"அப்ப யாரு?"

"யாரு கண்டா? இந்தப் பாருங்க. நரி வலம் போனா என்ன, இடம் போனா என்ன, மேல விழுந்து புடுங்காமப் போனாச் சரி. அதைப் படம் புடிச்சு என்ன பண்ணப் போறீங்க?"

அவள் திரும்பி நடந்தாள். அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"உங்க கம்பி நிக்கிற எடம் இருக்கே... அங்க மட்டும் வண்டி திணறும். வேர்ல மாட்டுன மாதிரி. எறங்கிப் பார்த்தா ஒண்ணும் இருக்காது. நான் வந்து அஞ்சு வருஷம்தான் ஆச்சு. அதுக்கு முன்ன யாரு வெச்சிருந்தாங்கன்னு தெரியாது."

அதைக் காதில் வாங்குகிற நிலையில் அவள் இல்லை. கல்லில் நார் உரிக்கிற வேலையாகிவிட்டதே என்ற எரிச்சல். அன்று ராத்திரி கணவன் போனில், "எப்ப வர்றே?" என்றான். அதற்கும் எரிந்து விழுந்தாள்.

கருவியை நம்பிப் பயனில்லை, நானே எடுக்கிறேன் என்று முடிவு செய்தாள்.

வியாழக்கிழமை. மாலை 5.50. வயலுக்கு வடக்கே வண்டிப்பாதையில் ஜீப் நின்றது. அண்ணன் உள்ளேயே இருந்தார். அவள் நல்ல கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பட்டைகளின் ஒலியைப் பிடிக்கும் ஆண்டெனாவையும் ரிசீவரையும் தூக்கிக்கொண்டு இறங்கி நடந்தாள். நூற்றைம்பது மீட்டர். கோட்டைக் கடந்து தெற்குப் பக்கம் போய், கோடு திரும்புகிற முனைக்குச் சற்று முன்னால் ஒரு சின்ன முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அங்கிருந்து ஜீப் நன்றாகத் தெரிந்தது. அண்ணன் கையை ஆட்டினார்.

6.21. சூரியன் இறங்கியது. காற்று இல்லை.

6.34. ரிசீவர் முதல் முறை கூவியது. பீப்... பீப்... மேற்கிலிருந்து. சிவப்பு.

அவளுக்கு நெஞ்சு படபடத்தது. பயத்தால் அல்ல, ஆசையால். மூன்று வருஷத்தில் இப்படி ஒரு சந்தர்ப்பம் வந்ததில்லை.

6.41. கண்ணுக்கே தெரிந்தது. வெளிச்சம் இன்னும் போதுமானதாக இருந்தது. வெட்டவெளியில் சிவப்பு வந்துகொண்டிருந்தது. ஆனால் வெட்டவெளியில் வருகிற நரி மாதிரி இல்லை. தலையைத் தாழ்த்தி, இடது தோளை எதன் மேலோ உரசிக்கொண்டு, நிழலில் ஒண்டி நடப்பது போல நிதானமாக வந்தது. அதன் இடப்பக்கம் ஒன்றும் இல்லை.

அவள் கேமராவைத் தூக்கி அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இருபத்து மூன்று படம்.

நரி அவளைத் தாண்டிப் போனது. ஐந்தடி தூரம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பச்சை இலையைக் கசக்கினால் வருமே, அது. உழுத மண்ணில் அந்த வாசனைக்கு வேலை இல்லை.

பிறகு சத்தம்.

சக்... சக்... சக்...

அரிவாளால் கிளை கழிக்கிற சத்தம். மூன்று வெட்டு, ஓர் இடைவெளி. மூன்று வெட்டு, ஓர் இடைவெளி. கோட்டுக்கு அந்தப் பக்கம். ஜீப் நிற்கிற பக்கம்.

அவள் எழுந்து பார்த்தாள். வயல் வெறுமையாக இருந்தது. ஜீப் தெரிந்தது. நடுவில் யாரும் இல்லை.

போதும், படம்தான் கிடைத்துவிட்டதே, போய்விடலாம் என்று முக்காலியையும் ஆண்டெனாவையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜீப்பைப் பார்த்து நடந்தாள். இரண்டு எட்டு வைத்திருப்பாள்.

முகத்தில் இலை பட்டது.

கையை நீட்டினாள். கிளை. இன்னும் நீட்டினாள். முள். சுருக்கென்று ஏறியது. கையை இழுத்துக்கொண்டு பார்த்தாள். கண்ணுக்கு எதிரே காற்றுதான். காற்றுக்கு அப்பால் ஜீப்தான்.

"அண்ணே!"

ஜீப்பில் அசைவில்லை.

6.47. இடப்பக்கம் போய் முயன்றாள். முள். வலப்பக்கம் போனாள். முள். குத்திய இடமெல்லாம் எரிந்தது. சட்டைக் கை கிழிந்தது. வருகிறபோது தடையே இல்லாமல் கடந்து வந்த அதே இடம்.

சக்... சக்... சக்...

கிட்டத்தில். அவள் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. அவள் நின்றால் அதுவும் நின்றது.

பிறகு ஒரு இருமல். பெண் குரல்.

"யாரு... யாரது?"

பதில் உடனே வந்தது. வேலை கெட்டுப்போன எரிச்சல் மாதிரி.

"அந்தப் பக்கமாவே கிழக்கால நட. இங்க வழி இல்ல."

அவள் நடந்தாள். ஏன் கேள்வி கேட்காமல் நடந்தாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது. கையால் அந்த இல்லாத இலைகளைத் தடவித் தடவி, கிழக்கே நடந்தாள். அந்தப் பக்கம் காலடியும் கூடவே வந்தது. ஒரு காலடி அல்ல... மெத்தென்ற சின்னக் காலடிகள் வேறு. நிறைய.

6.52. கோடு திரும்புகிற முனை.

சிவப்பு அங்கே நின்றுகொண்டிருந்தது. அவளைப் பார்த்தது. முதல் முறையாக.

பிறகு வயிறு தரையில் பட, உடம்பை ஒடுக்கி, எதற்கோ அடியில் நுழைவது போல நுழைந்து... அந்தப் பக்கம் போனது.

வெட்டு நின்றது.

"குனி."

அவள் முக்காலியைக் கீழே போட்டாள்.

ஆண்டெனாவைப் போட்டாள்.

மண்ணில் கையை ஊன்றினாள்.

தவழ்ந்தாள்.

முதுகில் முள் கோடிழுத்தது.

மூச்சை அடக்கினாள்...

வெளியே வந்தாள்.

ஹாரன் சத்தம் காதில் அறைந்தது. அண்ணன் ஜீப்பை வயலுக்குள்ளேயே விட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவளைச் சுற்றி யாரும் இல்லை. பெண் இல்லை, நரி இல்லை. விளக்கு வெளிச்சத்தில் உழுத மண் மட்டும்.

"என்ன மேடம் ஆச்சு? எத்தனை தடவை ஹாரன் அடிக்கிறேன்!"

"கேக்கலண்ணே."

"சுவத்தைத் தடவிட்டுப் போற மாதிரி அங்கயும் இங்கயும் நடந்தீங்க. கடைசில வெறும் வயல்ல தவழுறீங்க. எனக்குக் குலை நடுங்கிடுச்சு."

"வேற யாராவது இருந்தாங்களா?"

"நீங்க மட்டும்தான்."

அவர் டார்ச்சை அடித்து, அவள் முன்கையிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கினார். விரல் நீளம் இருந்தது. அவளுக்கு அந்தப் பகுதிச் செடிகள் எல்லாம் அத்துப்படி. அந்த முள்ளை அவள் எங்கேயும் பார்த்ததில்லை.

அன்றிரவு 9.15க்குக் கணினியைத் திறந்தாள். 6.50 மணிப் புள்ளிகள் வந்திருந்தன. சிவப்பு மட்டுமல்ல. நீலம், மஞ்சள், வெள்ளை... ஒன்றின் எல்லைக்குள் மற்றொன்று வராத அத்தனையும் அவளிடமிருந்து நாலைந்து மீட்டரில் நின்றிருந்தன. மூன்றும் கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தக் குரல் வந்த பக்கம்.

கேமராவைப் பார்த்தாள். இருபத்து மூன்று படங்கள். ஒன்றிலும் நரி இல்லை. இருபத்து மூன்றிலும் அடர்த்தியாக, படம் முழுக்க, இலையும் முள்ளும்.

பேராசிரியர் படங்களைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஏதோ வேலி. நரி எங்கம்மா?"

"சார், இது அந்த வயல்ல எடுத்தது."

"அந்த வயல்ல வேலி இல்லைன்னு நீதானே எழுதியிருக்கே?"

நில அளவை அலுவலகத்துக்கு மூன்று நாள் அலைந்தாள். முதல் நாள் எழுத்தர் விடுப்பு. இரண்டாம் நாள் சாவி இல்லை. மூன்றாம் நாள் பழைய வரைபடம் ஒன்று தூசியோடு வந்தது. அதில் இருந்தது. இரண்டு புதர்களையும் இணைத்து ஓர் உயிர்வேலி. கிழக்கே முந்நூற்றுப் பத்து, வலப்பக்கம் எழுபது, மறுபடி கிழக்கே இருநூறு. முனையில் சின்னதாக ஓர் இடைவெளி. வேலியை அழித்து முப்பத்தெட்டு வருஷம் ஆகிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தது.

நரியின் ஆயுள் மிஞ்சிப்போனால் எட்டு, பத்து வருஷம். அந்த வேலியைப் பார்த்த நரி ஒன்றுகூட உயிரோடு இல்லை. பார்த்த நரியின் குட்டிக்குக்கூட வயது தாண்டிவிட்டது.

வரைபடத்தைக் கொண்டுபோய்க் காட்டினாள். "இதை முன்னாடியே பார்த்திருப்பே. மனசுல பதிஞ்சிருக்கும்" என்றார் பேராசிரியர். மாசக் கடைசியில் அறிக்கை போனது. அந்தப் புள்ளிகள் இல்லாமல். அவள் அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி கிழக்குப் புதரை அழிக்க இயந்திரம் வந்தது. அவள் போகாமல் இருந்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. அண்ணனை எழுப்பி, 7.40க்குப் போய்ச் சேர்ந்தாள். புல்டோசர் அதற்குள் பாதிப் புதரைச் சாய்த்திருந்தது. மேற்குச் சாலையில் லாரியிலிருந்து இறக்கி, வயலைக் கடந்து ஓட்டி வந்திருக்கிறார்கள். சங்கிலிச் சக்கரத்தின் தடம் மண்ணில் ஆழமாகப் பதிந்து கிடந்தது.

அண்ணன்தான் முதலில் பார்த்தார். அவள் முழங்கையைத் தொட்டார்.

தடம் நேராக வரவில்லை. முந்நூறு மீட்டர் வந்து, வலப்பக்கம் திரும்பி, மறுபடி திரும்பியிருந்தது.

புல்டோசர் ஓட்டியவர் வெளியூர். முதல் நாள் ராத்திரிதான் வந்தவர். தண்ணீர் குடிக்க இறங்கியபோது அவள் போய்க் கேட்டாள்.

"நேரா வந்திருக்கலாமே. ஏன் சுத்தி வந்தீங்க?"

"நேரா எப்படிங்க வர்றது? வேலி மறிச்சுதே. ஓரமா ஓட்டிட்டு வந்தேன். அதையும் இடிக்கணுமான்னு மேஸ்திரியைத்தான் கேக்கணும்." அவர் வயலைத் திரும்பிப் பார்க்காமலே கட்டைவிரலால் பின்னால் காட்டினார். "அங்க ஒரு அம்மா வெட்டிட்டு இருந்தாங்க. வண்டியைப் பார்த்ததும் அரிவாளை இடுப்புல செருகிட்டு, வேலியோரமாவே மேக்கால நடந்துட்டாங்க. பின்னாடியே நாலு நாய். நல்லாப் பழக்கியிருக்காங்க, வரிசை கலையாமப் போச்சு. ஒவ்வொண்ணு கழுத்துலயும் ஒவ்வொரு கலர்ல பட்டை."

"எத்தனை மணிக்கு?"

"ஏழு, ஏழே காலு இருக்கும்."

அவள் ஜீப்புக்கு ஓடி வந்து கணினியைத் திறந்தாள். காலை 7.10 மணிப் புள்ளிகள் வந்திருந்தன. சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை. நான்கும் அந்த முனையில், ஒன்றின் பின் ஒன்றாக.

7.20க்கு ஒன்றும் வரவில்லை. 7.30க்கும் வரவில்லை.

நரி செத்தாலும் பட்டை சாகாது. மண்ணுக்குள் புதைத்தாலும் இரண்டு வருஷம் கூவிக்கொண்டே கிடக்கும். அவள் ஆண்டெனாவைத் தூக்கிக்கொண்டு அந்த வட்டாரம் முழுக்க, ஒரு வாய்க்கால் விடாமல், ஒரு கொல்லை விடாமல் தேடிவிட்டாள். நரி இல்லை. எலும்பு இல்லை. பட்டை இல்லை.

இன்றோடு பதினான்கு மாதம் ஆகிறது. நான்கில் ஒன்றுகூடக் கூவவில்லை.